ஒரு டொலருக்கு விற்ற உரிமை

பல்கலைக்கழகம் கைத்தொழில் முதலாளிகளோடு சேர்தல் ஆகாது என்பர் ஒரு சாரார். காசாகாத ஆராய்ச்சி எதற்கு என்பர் மறுசாரார். இருவரும் கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகம் இன்சுலினைக் காத்த வரலாற்றை அறிதல் வேண்டும்.

1922 சனவரியில், நீரிழிவால் சாகக் கிடந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அங்கே இன்சுலின் ஏற்றப்பட்டது. அதுவரை மருத்துவர் அறிந்த சிகிச்சை பட்டினி ஒன்றே. இரண்டாம் முயற்சியில் சிறுவன் தேறினான். ஆயினும், பல்கலைக்கழகத்தின் சொந்த ஆய்வுகூடத்தால் தேவையான அளவு மருந்தைத் தயாரிக்க இயலவில்லை. ஆகவே அவ்வாண்டு மே மாதம் அமெரிக்காவின் ஈலாய் லில்லிக் கம்பனியோடு ஒப்பந்தம் செய்தனர். இதில் இழுக்கென்ன? கம்பனியின் ஆலை இல்லையேல் எத்தனை உயிர்கள் மடிந்திருக்கும்!

ஆனால் அவர்கள் திறப்பைக் கையளித்துவிட்டுப் போகவில்லை. கம்பனிக்குத் தனியுரிமை ஓராண்டுக்கே வழங்கப்பட்டது. பண்டிங், பெஸ்ற், கொலிப் ஆகிய மூவரும் தம் காப்புரிமையைத் தலைக்கு 1 டொலர் பெற்றுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தனர். மருத்துவனுக்குக் காப்புரிமை தகுமோ என்று தயங்கியவர் பண்டிங். எனினும் வேறொருவன் பதிந்து வழியை அடைத்துவிடாதிருக்க அது வேண்டியதாயிற்று. கம்பனியோ, தான் கண்ட சுத்திகரிப்பு முறைக்குத் தனிக் காப்புரிமை கோரிற்று. எல்லை வேலியை இரவோடிரவாக நகர்த்தும் வித்தை யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதா? பல்கலைக்கழகம் அசையவில்லை. பிற கம்பனிகளுக்கும் உரிமம் கொடுத்தது. மருந்தின் தரத்தையும் தானே சோதித்தது.

அக்காப்புரிமைகள் காலாவதியாயின. பின்வந்த புதிய இன்சுலின் வகைகளின் உரிமை கம்பனிகளிடம் தங்கிற்று. அமெரிக்காவில் விலை ஏறி, ஏழை நோயாளர் மருந்தைக் குறைத்துக் குறைத்து ஏற்றும் நிலை வந்தது. 2023 இல் லில்லிக் கம்பனியே சில வகைகளின் விலையை 70 வீதம் குறைப்பதாக அறிவித்தது. அவ்வளவு குறைத்தும் விற்க முடியுமாயின், முன்னர் வாங்கியது என்ன விலை?

இலங்கைப் பல்கலைக்கழகங்களிலும் வணிக இணைப்புப் பிரிவுகள் தோன்றியுள்ளன. அவற்றை நாம் வரவேற்கிறோம். ஆனால் பொதுப்பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பைக் கம்பனிக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் தனியுரிமைக்குக் காலவரை உண்டா, விலைக்கு வரம்பு உண்டா என்பதைப் பொதுமக்கள் அறிய வேண்டாமா? அவ்வொப்பந்தங்களைப் பல்கலைக்கழகப் பேரவைகள் பகிரங்கப்படுத்துக.