சிமுலேஷன்ல வந்துருச்சு சார்!

"சிமுலேஷன்ல கரெக்டா வருது சார், போர்டுலதான் வரலை."

எந்த இன்ஜினியரிங் காலேஜ் எலக்ட்ரானிக்ஸ் லேபுக்குள்ள போய் நின்னாலும் பத்து நிமிஷத்துக்குள்ள இந்த வசனம் காதுல விழும். சொல்றவன் முகத்தைப் பாருங்க. தப்பு தன் மேல இல்லை, அந்தப் பாழாப்போன பிரெட்போர்டு மேலதான்னு ஒரு நிம்மதி தெரியும். சாரும் தலையை ஆட்டிட்டு கையெழுத்து போட்டுடுவார். இந்தக் கையெழுத்தோடதான் எனக்கு சண்டை.

நான் இசிஇ படிச்சுட்டு இப்போ பொட்டி தட்டிப் பிழைக்கிறவன். சாஃப்ட்வேர்காரனே சாஃப்ட்வேரைத் திட்டுறானான்னு கேக்காதீங்க. அதோட லட்சணம் தெரிஞ்சதனாலதான் சொல்றேன்.

சிமுலேட்டர் பொய் சொல்லாது. நீங்க வரைஞ்ச சர்க்யூட்டுக்கு, நீங்க கொடுத்த மாடலை வெச்சு, நீங்க கேட்ட கேள்விக்கு ஒழுங்கா கணக்குப் போட்டு விடை சொல்லும். நீங்க கட்டின சர்க்யூட்டைப் பத்தி அதுக்கு ஒண்ணுமே தெரியாது. இந்த வித்தியாசம் புரியாம "சிமுலேஷன்ல வந்துருச்சு, அப்போ டிசைன் சரி"ன்னு சொல்றது, பரீட்சை எழுதினவனையே பேப்பர் திருத்தச் சொல்ற மாதிரி.

சும்மா திட்டினா போதாது, உதாரணம் வேணும்ல? எல்லாரும் லேப்ல செஞ்ச ரெண்டு சர்க்யூட்டையே எடுத்துக்குவோம்.

முதல்ல அஸ்டேபிள் மல்டிவைப்ரேட்டர். ரெண்டு டிரான்சிஸ்டர், ரெண்டு கெப்பாசிட்டர், நாலு ரெசிஸ்டர். பேஸ்ல 10 கிலோ ஓம், கெப்பாசிட்டர் 0.1 மைக்ரோஃபாரட்னா ஒரு சுற்றுக்கு 1.38 மில்லி செகண்ட், அதாவது சுமார் 725 ஹெர்ட்ஸ். பிரெட்போர்டுல ஒழுங்கா சொருகி சப்ளை கொடுத்தா உடனே ஆட ஆரம்பிச்சுடும். இதையே ஸ்பைஸ்ல அச்சு அசலா வரைஞ்சு ஓட்டுங்க. பெரும்பாலும் நேர்க்கோடுதான் வரும்! ஏன்னா சிமுலேட்டருக்கு அந்த ரெண்டு டிரான்சிஸ்டரும் ஒட்டிப் பிறந்த ரெட்டைப் பிள்ளைங்க. எல்லா மதிப்பும் கடைசி இலக்கம் வரை ஒண்ணு. ரெண்டும் ஒரே நேரத்துல ஆன் ஆகி, "நீ முதல்ல போ, நீ முதல்ல போ"ன்னு மரியாதை பாத்துக்கிட்டு அப்படியே நிக்கும். நிஜத்துல எந்த ரெண்டு டிரான்சிஸ்டரும் ஒண்ணு இல்லை. கூடவே நாய்ஸ் இருக்கு. அதனால ஒண்ணு முந்திக்கும், ஆட்டம் ஆரம்பிச்சுடும். சிமுலேஷன்ல ஓட வைக்கணும்னா ஆரம்ப வோல்டேஜை நாமளே கொடுக்கணும், இல்லை ஒரு ரெசிஸ்டரைக் கொஞ்சம் மாத்தணும். ஆக, நல்ல சர்க்யூட்டை சிமுலேட்டர் ஃபெயில் பண்ணுது.

அடுத்தது இதைவிட மோசம். கெட்ட சர்க்யூட்டை அது பாஸ் பண்ணும்.

பிசி547, ஃபிக்ஸட் பயாஸ். 12 வோல்ட் சப்ளை, கலெக்டர்ல 2 கிலோ ஓம், பேஸ்ல 750 கிலோ ஓம். பீட்டா 200னு வெச்சா கலெக்டர் கரண்ட் 3 மில்லியாம்ப், கலெக்டர்ல 6 வோல்ட். சரியா நட்ட நடுவுல. சிமுலேஷன்ல ஆயிரம் தடவை ஓட்டினாலும் அதே விடைதான், ஏன்னா மாடலுக்குள்ள பீட்டா ஒரே ஒரு நம்பர். ஆனா டேட்டாஷீட்டைப் பிரிச்சுப் பாருங்க. பிசி547 குடும்பத்துக்குப் போட்டிருக்கிற எல்லை 110லேருந்து 800 வரை! கடைக்காரர் தர்றது 110ஆ இருந்தா கலெக்டர்ல 8.7 வோல்ட். 450ஆ இருந்தா கரண்ட் 6.8 மில்லியாம்ப் வேணும்னு கேக்கும், சர்க்யூட்டால 6க்கு மேல தர முடியாது. டிரான்சிஸ்டர் சாச்சுரேஷன்ல போய் உக்காந்துடும். ஆம்ப்ளிஃபையர் அம்போ. பையன் போர்டைத் திட்டுவான். போர்டு என்னய்யா பாவம் பண்ணுச்சு? டிசைனே ஒரு நம்பரை நம்பி நின்ன டிசைன்.

இதுல வேடிக்கை என்னன்னா, பீட்டாவை 110, 200, 450ன்னு மாத்தி மாத்தி ஓட்டுன்னு ஒரு வரி எழுதினா அதே சிமுலேட்டர் இந்தக் குட்டையும் உடைச்சுச் சொல்லியிருக்கும். யாரும் கேக்கலை, அது சொல்லலை.

இன்னொண்ணு, அந்த தசம ஸ்தானங்கள். ஸ்கிரீன்ல 5.98713 வோல்ட்னு வந்தா ஒரு பயபக்தி வந்துடுது. ஸ்பைஸ் சாதாரணமா வெச்சுக்கிற கணக்கு சகிப்பே 0.1 சதவீதம். போர்டுல இருக்கிறது தங்க வளையம் போட்ட 5 சதவீத ரெசிஸ்டர். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்னா பெரும்பாலும் 20 சதவீதம். வேற எதுவும் சொல்லலைன்னா அது எடுத்துக்கிற வெப்பநிலை 27 டிகிரி. மே மாசத்து வேலூர்ல மூடின டப்பாக்குள்ள வைக்கப் போற சர்க்யூட்டுக்கு 27 டிகிரியில விடை! நிறைய இலக்கம் இருந்தா அது சரியான விடைன்னு அர்த்தம் இல்லைங்க.

டிஜிட்டல்ல இந்தப் பிரச்சினை இல்லைன்னு சிலர் வருவாங்க. 1994ல இன்டெலோட பென்டியம் சிப்ல என்ன நடந்தது? 4195835ஐ 3145727ஆல வகுத்தா 1.33382 வரணும். வந்தது 1.33374. வகுத்தலுக்கான அட்டவணையில 5 கட்டம் விட்டுப் போயிருந்தது. பரிசோதனை பண்ணாமலா வித்திருப்பாங்க? பண்ணின சோதனை எதுவும் அந்த 5 கட்டத்தைப் பிடிக்கலை. தாமஸ் நைஸ்லிங்கிற கணிதப் பேராசிரியர் தன்னோட கணக்குல இடிக்குதேன்னு துருவினப்போதான் வெளியில வந்தது. இன்டெல் இதுக்காகக் கணக்குல எழுதின செலவு 47.5 கோடி டாலர்.

எங்க தொழில்லயும் இதே கதைதான். டேட்டாபேஸுக்குப் பதிலா ஒரு பொம்மையை வெச்சு டெஸ்ட் எழுதுவோம். எல்லாம் பச்சையா வரும். ப்ரொடக்‌ஷன்ல போட்டா படுத்துடும். ஏன்னா அந்தப் பொம்மை எப்படிப் பதில் சொல்லணும்னு எழுதினதும் நாமதானே :-)

நிற்க.

"அப்போ சிமுலேஷனே வேண்டாம்னு சொல்றியா?" இல்லவே இல்லை. அப்படிச் சொல்றவங்களும் இருக்காங்க. நேஷனல் செமிகண்டக்டர்ல இருந்த பாப் பீஸ் (2011ல காலமானார்) ஸ்பைஸைக் கிழி கிழின்னு கிழிச்சவர். பெரிய ஆள். ஆனா அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன். 1973ல பெர்க்லியிலேருந்து நேகலும் பீடர்சனும் ஸ்பைஸை வெளியில கொண்டு வந்ததுக்கு நியாயமான காரணம் இருந்தது. பேருலயே 'இன்டகிரேட்டட் சர்க்யூட்' இருக்கு. சிப்புக்குள்ள போற சர்க்யூட்டை பிரெட்போர்டுல கட்டிப் பாக்க முடியாது. கட்டினாலும் கம்பிகளோட கெப்பாசிட்டன்ஸே ஆட்டத்தை மாத்திடும். அங்கே சிமுலேஷனை விட்டா வேற வழி இல்லை.

"சிப் கம்பெனிக்காரங்களே நம்புறாங்க, எங்களுக்கு என்ன?" இதுதான் எனக்குக் கோபம் வர்ற இடம். அவங்க நம்புறது சிமுலேட்டரை இல்லைங்க. ஃபேப்ல டெஸ்ட் டிரான்சிஸ்டர் செஞ்சு, வெவ்வேறு வெப்பநிலையில அளந்து, அந்த அளவுகளுக்குப் பொருந்துற மாதிரி மாடல் தயார் பண்றாங்க. வேகமான மூலை, மெதுவான மூலைன்னு எல்லாத்துலயும் ஓட்டிப் பாக்குறாங்க. சிப் வந்தப்புறம் மறுபடியும் அளக்குறாங்க. சிமுலேஷனுக்கு முன்னாலயும் அளவீடு, பின்னாலயும் அளவீடு. நாம ரெண்டு அளவீட்டையும் தூக்கிப் போட்டுட்டு நடுவுல இருக்கிறதை மட்டும் வெச்சுக்கிட்டோம்.

அதோட விளைவு என்னன்னு இன்ஜினியரிங் படிச்ச எல்லாருக்கும் தெரியும், வெளியில சொல்றதில்லை. சிமுலேஷன்ல வந்த கிராஃப் 'மாடல் கிராஃப்' ஆயிடுது. போர்டுல வர்ற ரீடிங் அதோட ஒத்துப் போகலைன்னா மார்க் போயிடும். அதனால ரீடிங்கை "குக்" பண்றாங்க. கிராஃபைப் பாத்து பின்னாலேருந்து கணக்குப் போட்டு அப்சர்வேஷன் நோட்டை நிரப்புறாங்க. 8.7 வோல்ட் காட்டின மீட்டரைப் பாத்துக்கிட்டே 6.1னு எழுதுறான் ஒரு பத்தொன்பது வயசுப் பையன். அந்த 8.7லதான் பாடமே இருந்தது. பீட்டான்னா என்ன, ஏன் எமிட்டர்ல ரெசிஸ்டர் வைக்கிறோம், வோல்டேஜ் டிவைடர் பயாஸ் எதுக்குன்னு எல்லாமே அந்த ஒரு ரீடிங் சொல்லிக் கொடுத்திருக்கும். அதை அழிச்சுட்டு, கண்ணால பாத்ததை நம்பாதே, ஸ்கிரீனை நம்புன்னு பழக்குறோம். நாளைக்கு இவன் சார்ஜரோ, ஆஸ்பத்திரி மானிட்டரோ டிசைன் பண்ணுவான். அப்பவும் ஒத்துப் போகாத ரீடிங்கை அழிக்கத்தான் கை போகும். இதுக்குப் பேரு படிப்பா?

சரி, என்ன பண்ணலாம்? காசு ஒரு பிரச்சினையே இல்லை. எல்டிஸ்பைஸ் இலவசம். ஐஐடி பம்பாயோட இசிம் இலவசம், உள்ளே ஓடுறது திறமூலமான என்ஜிஸ்பைஸ். மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்குது. நான் கேக்குறது மூணு காலம் போட்ட ஒரு அட்டவணை. முதல் காலத்துல கையால போட்ட கணக்கு. ரெண்டாவதுல சிமுலேஷன், பீட்டாவையும் ரெசிஸ்டரையும் எல்லை வரை மாத்தி ஓட்டினதோட. மூணாவதுல மீட்டர் காட்டினது, காட்டினபடியே. மூணும் ஒத்துப் போச்சான்னு பாத்து மார்க் போடாதீங்க. ஏன் ஒத்துப் போகலைன்னு அவன் எழுதுற நாலு வரிக்குப் போடுங்க. வித்தியாசத்துக்கு மார்க்னு சொல்லிப் பாருங்க, மறுநாள்லேருந்து எவனும் ரீடிங்கை குக் பண்ண மாட்டான். பண்ண வேண்டிய அவசியமே இருக்காது.

லேப் எடுக்கிற ஆசிரியர் யாராவது இதைப் படிச்சா, "60 பேருக்கு ஒரே ஒரு சிஆர்ஓதான் வேலை செய்யுது தம்பி, நீ வந்து லேப் எடுத்துப் பாரு"ன்னு திட்டத் தோணும். நியாயம்தான். அந்த சிஆர்ஓவை ரிப்பேர் பண்ணச் சொல்லி மேலிடத்துல சண்டை போடுங்க, நானும் உங்க பக்கம்தான். ஆனா ஸ்கிரீன்ஷாட்டுக்குக் கீழே மட்டும் தயவுசெஞ்சு கையெழுத்து போடாதீங்க சார்.