தேநீர்க் கெண்டியில் முருகன்

மதராஸ் ‘சுவாமி’ வெள்ளிப் பாத்திரம் என்றாலே நம்மவர்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்: வெள்ளைக்காரன் ரசனை, நம் பத்தர் கூலிக்குத் தட்டிய நகல். ஈப்போவிலும் இதைத்தான் கேட்கிறேன்.

வடிவம் ஆங்கிலேயருடையதுதான், மறுக்கவில்லை. 1849-இல் தொடங்கிய பி. ஓர் அண்ட் சன்ஸ் சென்னையில் விற்றது கெண்டி, பால் குவளை, சர்க்கரைக் கிண்ணம். ஆனால் கெண்டியின் வயிற்றைப் பாருங்கள். வளைவு மாடத்துக்கு ஒரு தெய்வம். மயிலோடு முருகன், மூஞ்சூறோடு பிள்ளையார். சில கெண்டிகளில் கைப்பிடியே நாகம். எந்த லண்டன் வரைபடம் பார்த்து இதைத் தட்டியிருப்பார்கள்? தகட்டை அரக்கில் பதித்து, பின்புறம் தட்டிப் புடைக்கவைத்து, முன்புறம் சிற்றுளியால் கண்ணையும் நகையையும் தீர்ப்பது கோயில் கவசம் செய்யும் அதே வேலை.

சாமியைச் சாப்பாட்டு மேசையில் வைக்கலாமா என்பது அடுத்த குற்றச்சாட்டு. காமாட்சி விளக்கிலும் தஞ்சாவூர்த் தட்டிலும் தெய்வம் இருக்கிறதே! எச்சில் படும் என்பீர்கள். கெண்டியில் யாரும் வாய் வைப்பதில்லை. ஐரோப்பாவில் பவுலஸ் வான் வியானன் 1613-இல் ஒரு வெள்ளித் தாம்பாளத்தில் கிரேக்கக் கதையைத் தட்டினார்: குளிக்கும் டயானாவைப் பார்த்துவிட்ட வேடன் ஆக்டியன் மானாக மாறுகிறான். விருந்தில் கை கழுவிய தண்ணீரை ஏந்தும் வகைப் பாத்திரம் அது. இன்று ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் பெருமை. அவர்கள் அந்தத் தெய்வங்களைக் கும்பிடவில்லை, நாம் கும்பிடுகிறோம் என்ற வேறுபாடு உண்டுதான். ஆனால் அது பக்தியைப் பற்றிய வாதம். நகல் என்பதற்கு அது சான்றாகாது.

மூன்றாவதுதான் எனக்கு எரிச்சல்: ரப்பர் மரம் சீவிய பேராக் தமிழனுக்கும் வெள்ளிக்கும் என்ன சம்பந்தம்? சித்ரா பௌர்ணமிக்குத் தெலுக் இந்தான் போய் நகரத்தார் கோயில் வெள்ளி ரதத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். பினாங்கு ரதம் 1894-இல் காரைக்குடியிலிருந்து கப்பலில் வந்தது. அவை செட்டியார் பணம் என்றால், மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு செலுத்தும் வெள்ளிக் கண்மலர்? விரல் நகத்தளவு தகட்டில் இமையும் விழியும் புடைத்து நிற்கும். அதுவும் தகட்டு வேலைதான்.

குறை சொல்லியே ஆகவேண்டுமென்றால் ஒன்று இருக்கிறது. வான் வியானன் தன் பெயரைப் பொறித்துக்கொண்டார். மதராஸ் கெண்டியின் அடியில் இருப்பதோ பி. ஓர் கம்பெனியின் முத்திரை. தட்டியவர் பெயர் இல்லை.