அட்வான்ஸைக் காப்பாத்தும் பெயின்ட்!

ரூமைக் காலி பண்ற அன்னிக்கு, 'சுவரைப் பாருங்க தம்பி'னு ஹவுஸ் ஓனர் அட்வான்ஸ்ல கை வைப்பாரே... அனுபவம் உண்டா? அடுத்த ரூமுக்கு நீங்களே பெயின்ட் அடிக்கிறதா இருந்தா, கலரை விட ஃபினிஷ் முக்கியம் பாஸ்!

மேட் ஃபினிஷ் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். அதனால மேடு பள்ளம், பட்டி பார்த்த தடம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாது. ஆனா, எண்ணெய்த் தலையைச் சாய்ச்சா கறை ஒட்டிக்கும். அழுத்தித் துடைச்சா அந்த இடம் மட்டும் பளபளக்கும். ஸோ, மேட் சீலிங்குக்கு! கட்டிலை ஒட்டின சுவருக்கும் அடுப்பு மூலைக்கும் சாட்டின். ஈரத்துணியால துடைச்சிக்கலாம். கதவு, ஜன்னல் கம்பிக்கு எனாமல்.

ஓதம் ஏறின சுவரா? எந்த ஃபினிஷும் உரியும். முதல்ல கசிவை அடைக்கச் சொல்லுங்க. அது ஓனர் செலவு!