'ட்யூப் டெஸ்ட்'டுக்கு எக்ஸ்ரேதான் வழியா? ஸ்கேன்லயே பார்க்கலாமா?

"ட்யூப் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க..." குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்கள் பலரும் பயப்படும் வார்த்தை இது. காரணம், வலி.

கருப்பைக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது ஹெச்.எஸ்.ஜி. இதற்கு மாற்றுதான் நுரை ஸ்கேன். நுரை மாதிரியான திரவத்தைச் செலுத்தி, அது கருக்குழாய் வழியே போகுதா என அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள். கதிர்வீச்சு கிடையாது.

நெதர்லாந்தில் 1,026 பெண்களுக்கு இரண்டு டெஸ்ட்டையும் செய்து பார்த்த ஆய்வு 2022-ல் வெளியானது. ஸ்கேனில் வலி குறைவு. இரண்டு ரிசல்ட்டும் முரண்பட்டபோது, எதை வைத்து சிகிச்சை கொடுத்தாலும் குழந்தை பிறக்கும் வாய்ப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால், 'தெளிவா தெரியல' என்ற ரிசல்ட் ஸ்கேனில்தான் அதிகம்.

இந்த டெஸ்ட்டுக்கு முன்பே கணவரின் விந்தணு பரிசோதனை முடிஞ்சிருக்கணும். (வலியே இல்லாத அந்த டெஸ்ட்தான் பல வீடுகள்ல கடைசியா நடக்குது!)

முக்கியமான விஷயம், 'அடைப்பு'ன்னு ரிப்போர்ட் வந்ததும் இடிஞ்சு போயிடாதீங்க. டெஸ்ட் நேரத்தில் தசை இறுகினாலும், கருப்பையை ஒட்டிய இடத்தில் அடைப்பு போலவே தெரியும். மறுபடி எடுத்தால் குழாய் திறந்திருக்கலாம். அதனால் நேரா ஐ.வி.எஃப் என்று முடிவெடுக்கும் முன், "அடைப்பு எந்த இடத்துல? இன்னொரு முறை உறுதி செய்யணுமா?" என்று டாக்டரிடம் கேளுங்க.