அம்மா மறுபடி பேசினார்

வானொலியில் எங்களுக்குப் பெரிய பயமே மௌனம்தான். பாட்டு முடிந்து இரண்டு வினாடி சத்தம் வராவிட்டால் நெஞ்சு படபடக்கும். அதனாலோ என்னவோ, அக்கா மகனைப் பார்க்கப் போனாலும் நான் வாய் மூடுவதில்லை. “இது என்ன? என்ன கலர்? சித்தின்னு சொல்லு!” அவன் வாயைத் திறக்குமுன் பதிலையும் நானே சொல்லிவிடுவேன்.

அவனுக்கு இரண்டரை வயது. பேசும் சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டு வயதில் ஏறக்குறைய 50 சொற்களும், இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்வதும் எதிர்பார்க்கப்படும். “ஆம்பளப் பிள்ளைங்க மெதுவாத்தான் பேசுவாங்க” என்ற உறவினர் பேச்சில் ஆறு மாதம் ஓடிப்போனது. “ரெண்டு மொழி பிள்ளையைக் குழப்பும், தமிழை நிறுத்துங்க” என்றார் இன்னொருவர். அக்காவும் அத்தானும் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். பகல் முழுக்க அவனைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. சோறு ஊட்டும்போது “ஈட், ஈட்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். தமிழ்மொழி விழா வந்தால் ‘வீட்டில் தமிழ் பேசுங்கள்’ என்று ஒலிவாங்கியில் முழங்குகிற நானும் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.

பலதுறை மருந்தகத்தில் கொடுத்த கடிதத்தோடு மருத்துவமனைக்குப் போனோம். முதலில் செவித்திறன் சோதனை. குறையில்லை. பிறகுதான் பேச்சு, மொழி சிகிச்சையாளர். அவர் தரையில் உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதினார். குப்பியை மூடிவிட்டு, பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி சும்மா இருந்தார். ஏழெட்டு வினாடி. எனக்கு நாக்கு துடித்தது. அவன் குப்பியைத் தொட்டு, அவரை நிமிர்ந்து பார்த்து, “மோ” என்றான். “மோர் பபிள்ஸ்!” என்று ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்லி, உடனே ஊதினார்.

கேள்விகளைக் குறையுங்கள், அவன் பார்ப்பதைப் பற்றிப் பேசுங்கள், பேசிவிட்டுக் காத்திருங்கள் என்றார். அவரிடம் வரும் நேரம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் வீட்டில் நடக்க வேண்டியது. “பகலில் யாருடன் இருப்பான்?” என்று கேட்டார். அம்மாவைக் காட்டினோம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை, பாட்டி தமக்கு நன்றாக வரும் மொழியிலேயே பேசட்டும் என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

“அப்போ நான் அவன்கிட்ட பேசலாமா?” என்றார் அம்மா. அக்கா பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இது நடந்து இரண்டு மாதம். போன சனிக்கிழமை மூவரும் கீழே இறங்கினோம். மின்தூக்கி நின்றது. அம்மா கதவைப் பார்த்தபடி, “கதவு மூடியிருக்கே...” என்று நிறுத்தினார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“தொற” என்றான்.

அவன் சொன்னதும் கதவு திறந்தது. வெளியே பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி மளிகைப் பையோடு நின்றிருந்தார். அவரையும் உள்ளே ஏற்றிக்கொண்டு அம்மா மறுபடியும் கதவை மூடினார்.