பெட்டியைப் பார்த்து வாங்கலாமா?



துவரம் பருப்பு கொள்முதல் செய்யப் போனால், மூட்டையின் மேல் அச்சடித்த மார்க்கை மட்டும் பார்த்து நாம் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. குத்தூசியால் குத்தி, உள்ளங்கையில் கொட்டி, ஒரு பருப்பை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்த பிறகுதான் விலையே பேசுகிறோம். அப்படிப்பட்ட நாம், கம்ப்யூட்டர் சாமான் வாங்கும்போது மட்டும் அட்டைப் பெட்டியை நம்பி ஏமாந்து வருகிறோம்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நம் கடைகளில் உள்ள பழைய மெஷின்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. ஓடுகிற மெஷினைக் காயலான் கடையில் போடுவானேன் என்று, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸுக்கு நாமும் மாறினோம். டேலி போன்று விண்டோஸுக்கென எழுதப்பட்ட கணக்கு மென்பொருள் வைத்திருப்போர் மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். பிரவுசரிலேயே பில் போடுவோருக்குத் தொல்லை இல்லை.

தொல்லை வந்தது வேறு இடத்தில். வயர் இழுக்க வசதியில்லாத கிடங்கு மெஷினுக்கு, விரலளவு யு.எஸ்.பி. வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கினோம். பெட்டியில் லினக்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. செருகினால் அசைவே இல்லை. உடன் வந்த சி.டி.யில் இருந்ததோ பல ஆண்டுகளுக்கு முந்தைய லினக்ஸுக்கு எழுதிய டிரைவர். இன்றைய பதிப்பில் அது ஏறவில்லை. லாரியில் சரக்கு ஏற்றியாயிற்று, இ-வே பில் எடுக்க நெட் இல்லை. பில் இல்லாமல் வண்டி போய், வழியில் மடக்கினால் வரியைப் போல் இரு மடங்கு அபராதம். பக்கத்துக் கடைக்காரரின் மெஷினில் உட்கார்ந்து பில் எடுத்து அனுப்புவதற்குள் இரவாகிவிட்டது. விற்றவரோ, பிரித்த சரக்கைத் திரும்ப எடுப்பதில்லை என்று கைவிரித்தார்.

பிறகு விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு அறிந்ததை உறுப்பினர்களுக்குச் சொல்கிறோம். அடாப்டரில் வேலை செய்வது உள்ளே இருக்கும் சிப். வெளியே உள்ள பெயர் வெறும் மார்க்குதான். லினக்ஸின் மையப் பகுதியை கர்னல் என்கிறார்கள். சிப்புக்குரிய டிரைவர் அந்தக் கர்னலிலேயே சேர்ந்திருந்தால், செருகியவுடன் வேலை செய்யும். வெளியிலிருந்து ஏற்றிய டிரைவர், கர்னலைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் நின்றுபோகக் கூடும். பில் போடும் நேரத்தில் நின்றால் நஷ்டம் யாருக்கு?

மீடியாடெக் நிறுவனத்தின் எம்.டி.7610யு, எம்.டி.7612யு ஆகிய சிப்புகளுக்கு 2018-இல் வந்த 4.19 கர்னல் முதல் டிரைவர் உள்ளேயே இருக்கிறது. எம்.டி.7921 வகை யு.எஸ்.பி. சிப்புக்கு 2022-இல் வந்த 5.18 முதல் உண்டு. ரியல்டெக் சிப்புகளில் சிலவற்றுக்கு, உதாரணமாக ஆர்.டி.எல்.8821சி.யு., 8822பி.யு. ஆகியவற்றுக்கு, 2023-இல் வந்த 6.2-இல்தான் இடம் கிடைத்தது. ஆகவே வாங்குமுன் நம் மெஷினில் உள்ள கர்னல் எண்ணையும் தெரிந்துகொள்வது அவசியம்.

ஒரே மாடலில் சிப்பை மாற்றிவிடுவதும் உண்டு. டி.பி.லிங்க் நிறுவனத்தின் டி.எல்.-டபிள்யூ.என்.722என் என்ற அடாப்டரின் முதல் பதிப்பில் ஏதரோஸ் ஏ.ஆர்.9271 சிப் இருந்தது. லினக்ஸ்காரர்கள் விரும்பி வாங்கினார்கள். 2-ஆம் பதிப்பு முதல் ரியல்டெக் சிப் வைத்தார்கள். மார்க் ஒன்று, சரக்கு வேறு! இதை நம் மண்டியில் ஒரு வியாபாரி செய்தால் அடுத்த லோடை இறக்க விடுவோமா?

சரி, மாதிரி பார்ப்பது எப்படி? லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டால், மெஷினில் நிறுவாமலே அதிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். லேப்டாப் உள்ள பிள்ளை ஒருவரைக் கடைக்கு அழைத்துப் போய், அங்கேயே செருகிப் பார்த்து வாங்குங்கள். டெர்மினலில் எல், எஸ், யு, எஸ், பி என்ற 5 ஆங்கிலச் சிற்றெழுத்துகளைச் சேர்த்து அடித்தால், செருகிய பொருளின் அடையாள எண் தெரியும். பல சமயம் சிப்பின் பெயரும் வரும். அதுதான் நமக்குக் குத்தூசி. கடைக்காரர் சோதிக்க விடாவிட்டால், ஒரு வாரத்தில் திருப்பித் தரலாம் என்று பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும்.

அவசரத்துக்கு ஒரு வழியும் உண்டு. ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் வயரால் மெஷினில் இணைத்து, போனில் யு.எஸ்.பி. டெதரிங்கைத் திறந்துவிட்டால், போனின் நெட் மெஷினுக்கு வந்துவிடும். சார்ஜுக்கு மட்டும் உதவும் மலிவு வயரில் வராது. அன்று இது நமக்குத் தெரிந்திருந்தால் லாரி காத்திருக்காது.

கடைசியாக ஒரு கேள்வி. கால் கிலோ மிளகாய்த் தூள் பொட்டலத்தில் பேக்கிங் செய்தவர் முகவரி, எடை, மாதம், விலை, உள்ளடக்கம் எல்லாம் அச்சடிக்கிறோம். ஒன்று விட்டுப்போனாலும் நம்மிடம் அபராதம் கேட்கிறார்கள். நுகர்வோருக்கு அது நல்லது. நாம் குறை சொல்லவில்லை. ஆனால் பல நூறு ரூபாய் அடாப்டர் பெட்டியில் வேகம் எவ்வளவு என்று பெரிதாகப் போடுகிறவர்கள், உள்ளே என்ன சிப் என்பதைப் போடுவதில்லை. நமக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயமா? சிப்பின் பெயரும் பதிப்பு எண்ணும் பெட்டியின் மேல் இருக்க வேண்டும் என்று சங்கத்தின் சார்பில் அரசுக்கு எழுத வேண்டும்.

அதுவரை, தங்கள் கடையில் லினக்ஸில் நன்றாக ஓடும் அடாப்டரின் மாடல், பதிப்பு, அடையாள எண் ஆகியவற்றை உறுப்பினர்கள் சங்க அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினால் ஒரு பட்டியல் தயாராகும். ஒருவர் பட்ட நஷ்டம் மற்றவருக்கு வராமல் பார்த்துக்கொள்ளத்தானே சங்கம்!