பனியைச் செதுக்கியவர் யார்?

ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் ஸோஜோஜி என்று ஒரு புத்தர் கோயில் இருக்கிறது. அதன் முன்னால் சிவப்பு நிறத்தில் ஒரு பெரிய வாயில். 1622-ம் ஆண்டில் கட்டப்பட்டது.

அந்த வாயிலைக் காட்டும் படம் ஒன்று உண்டு. பனி கொட்டுகிறது. முற்றத்துப் பைன் மரத்தின் மேல் பனி படிந்திருக்கிறது. குடையைச் சாய்த்துப் பிடித்தபடி ஒரு பெண் தனியே நடக்கிறாள். பார்க்கிற நமக்கே குளிர்கிறது!

1925-ம் ஆண்டில் வெளிவந்த அந்தப் படத்தை வரைந்தவர் கவாசே ஹசுயி. உலகமெங்கும் அவருக்குப் புகழ். ஆனால், புகழ் அவர் ஒருவருக்கு மட்டும்தானா? அது நியாயம் அல்ல என்பதே நம் கருத்து.

மூன்று பேர் வேலை

இது தூரிகையால் தீட்டி முடித்த படம் அல்ல. மரப்பலகையால் அச்சடித்த படம். ஓவியர் வரைந்து கொடுப்பார். செதுக்குகிறவர் அதைச் செர்ரி மரப் பலகையில் வெட்டுவார். நிறத்துக்கு நிறம் தனியாகச் செதுக்க வேண்டும். அச்சடிக்கிறவர் பலகையில் வர்ணம் தடவி, காகிதத்தை அதன் மேல் வைத்து, கையாலேயே தேய்த்து எடுப்பார். பிறகு அதே காகிதத்தில் அடுத்த நிறம். மயிரிழை விலகினாலும் படம் கெட்டுவிடும்!

பனிக்கு வர்ணம் இல்லை

வெள்ளைப் பனிக்கு வர்ணமே கிடையாது. அது வெறும் காகிதம்! சிவப்பு வாயிலின் முன்னே ஒரு பனிப்பொட்டு தெரிய வேண்டுமா? சிவப்புக்கான பலகையில் அந்த இடத்தைத் தோண்டி எடுத்துவிட வேண்டும். படத்தில் எத்தனை பனிப்பொட்டுகள்! அத்தனையும் உளியின் வேலை.

"நினைத்தவர் ஓவியர்தானே?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவர் நினைத்ததை நம் கண்ணுக்குக் கொண்டுவந்த கைகள் வேறு அல்லவா?

1945-ம் ஆண்டு குண்டு வீச்சில் கோயிலின் பெரிய மண்டபம் எரிந்தது. சிவப்பு வாயில் தப்பியது. 1953-ம் ஆண்டில் ஹசுயியின் இன்னொரு ஸோஜோஜி பனிப் படம் வந்தது. அது உருவான விதத்தை ஜப்பான் அரசு பதிவு செய்து வைத்தது. வரைவது மட்டும் அல்ல, செதுக்குவதும் அச்சடிப்பதும் காக்க வேண்டிய கலை என்று அரசே ஒப்புக்கொண்டது. நல்ல காரியம்!

காட்சி சாலைகளும் அந்த வழியில் நடக்க வேண்டும். படத்தின் கீழே ஓவியர் பெயரோடு, தெரிந்த வரையில், மற்ற இருவர் பெயரையும் எழுத வேண்டும்.

பனி பெய்யும் ஜப்பானியப் படம் ஒன்றை நீங்கள் பார்க்க நேர்ந்தால், ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்தப் பனியைச் செதுக்கிய கையையும் நினையுங்கள்.